கட்டின துணியோடு ஏறிய விமானம்

இரண்டு வருடம் முன்பு ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, ஐதராபாத்தில் இருந்த என்னைச் சிதம்பரத்திலிருந்து அக்கா போனில் கூப்பிட்டாள்.

எனக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி பக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி கிளீனர், கடலூர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர், கேரளாவில் டைல்ஸ் வேலை, ஒரு வருடம் சூரத் என்று ஓரிடத்தில் நிற்காமல் ஓடியவன். அப்போது ஐதராபாத்தில் கல்யாணச் சமையல் வேலை. எங்கே போனாலும் ஒரு பழக்கம் மட்டும் கூடவே வந்தது. லீவு நாளில் சேலை கட்டிக்கொள்வேன். பெண்ணாக மாற வேண்டும் என்றில்லை. யாருக்கும் காட்டுவதற்காகவும் இல்லை. ஆறு நாள் அடுப்படியில் வெந்த உடம்பு சேலைக்குள் போனால் அடங்கிவிடும். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியாது.

அங்கே தையல்கார அம்மா ஒருவர் பழக்கம். அவர் வீட்டு மாடி அறையில்தான் கட்டுவேன். அன்றும் போட்டுப்போன பேண்ட் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, நீலச் சேலையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன்.

அக்காவுக்கு நாலு நாளாக உதிரப்போக்கு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும், கூடப் பிறந்தவர்களோ வீட்டுக்காரரோ கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன், சாயங்காலம் ஐந்துக்கு மேல் பெரிய டாக்டர் இருக்க மாட்டார் என்றார்களாம். மாமா துபாயில் இருந்தார். அவர்கள் மகள் ஒன்பதாவது படிக்கிற பெண். எங்களுக்கு வேறு யாரும் கிடையாது.

"தம்பி, கட்டின துணியோட கெளம்பி வாடா" என்றாள். 

அவசரம் என்றால் எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வதுதான். துணி மாற்றக்கூட நிற்காதே என்று அர்த்தம். பாண்டிச்சேரிக்கு அன்று கிடைத்தது பன்னிரண்டு மணி விமானம் ஒன்றுதான். என் மற்ற துணியெல்லாம் ஊரின் மறுகோடியில், நாங்கள் எட்டுப் பேர் தங்கிய அறையில் இருந்தன. போய்த் திரும்ப நேரம் இல்லை. தையல்கார அம்மா தன் போனிலேயே டிக்கெட் எடுத்து, ஈரத் துணியை ஒரு பையில் திணித்து என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஏர்போர்ட் கழிப்பறையில் அந்த ஈரத்தையே மாட்டிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆட்டோ நின்று நின்று போனதில் பதைத்துப்போய் இறங்கி ஓடினேன். பை ஆட்டோவோடு போய்விட்டது. ஆதாரும் பணமும் இருந்த பர்ஸ் மட்டும் கையில் இருந்தது.

வாசலில் இருந்தவர் ஆதாரைப் பார்த்தார். படத்தில் மீசை வைத்த ஆள், எதிரே மழித்த முகமும் சேலையும். படத்திலிருந்த மீசையை விரலால் மறைத்துக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

சோதனைக்கு இரண்டு வரிசை. என் கால் தானாகப் பெண்கள் வரிசைக்குப் போய்விட்டது. அது என் தப்பு. திரைக்குள் இருந்த பெண் அதிகாரி டிக்கெட்டைக் கேட்டார். "இந்தாங்க மேடம்" என்றேன். என் குரலைக் கேட்டதும் ஓரடி பின்னால் போனார். வரிசையில் நின்ற பெண்களும் விலகினார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நரைத்த மீசை வைத்த அதிகாரி ஒருவர் வந்தார். ஆணா பெண்ணா என்று இந்தியில் கேட்டார். ஆண்தான், சேலை கட்டியிருக்கிறேன் என்று சூரத் இந்தியில் சொன்னேன். எந்தப் பக்கம் சோதனை செய்யட்டும் என்று என்னையே கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. உங்கள் பக்கமே பாருங்கள் என்றேன். காலியாக இருந்த ஒரு திரைக்குள் கூட்டிப்போனார்.

அவர் கையிலிருந்த கருவி தோளில் கத்தியது, இடுப்பில் கத்தியது, கொசுவத்தில் கத்தியது. எல்லாம் ஊக்கு. அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்திலேயே கட்டுகிறவன் நான். கண்ட இடத்தில் குத்திக்கொண்டே போவேன். ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் போட்டேன். பதினேழு இருந்தன.

அடுத்து மார்புப் பக்கம். உள்ளே என்ன என்றார். இரண்டு துணிப்பொட்டலங்களை எடுத்துக் கொடுத்தேன். ஸ்பாஞ்ச் வைத்தால் முந்தானை சரியாக விழாது. கேழ்வரகு கட்டி வைத்தால் கனம் சரியாக இருக்கும். சமையல்காரன் புத்தி. அவர் அமுக்கிப் பார்த்து, "ராகியா?" என்றார். ஆமாம் சார் என்றேன். இரண்டையும் தட்டில் வைத்து மெஷினுக்குள் அனுப்பினார். ஊர் ஊராகச் சுற்றிய நான் முதன்முதலாக விமானம் ஏறுகிறேன், எனக்கு முன்னால் என் கேழ்வரகு போய்க்கொண்டிருந்தது. மெஷினின் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த இளம் அதிகாரி சிரித்தார். பெரியவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது. அவசரமாக எங்கே போகிறாய் என்று கேட்டார். அக்காவைச் சொன்னேன். பொட்டலங்களைக் கையில் கொடுத்து, சீக்கிரம் கட்டிக்கொள் என்று வெளியே போய்விட்டார்.

கட்ட வரவில்லை. ஊக்கு இல்லாமல் கொசுவம் கையை விட்டு வழுக்கியது. கண்ணாடியும் கிடையாது. ஐயோ முருகா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

வெளியிலிருந்து பெண் குரல், மலையாளம் கலந்த தமிழில் கேட்டது. முதலில் பின்வாங்கிய அதே அதிகாரிதான். பாலக்காட்டுக்காரராம். உள்ளே வராமல், திரைக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முதல் சுற்றை இறுக்கு, கொசுவத்தைத் தொப்புளுக்கு நேராகச் சொருகு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். தட்டிலிருந்த ஊக்குகளில் மூன்றைத் திரை இடுக்கு வழியாக நீட்டினார்.

"இனி பின் குத்து. தோளில் ஒண்ணு, கொசுவத்தில் ஒண்ணு, இடுப்பில் ஒண்ணு. மூணு மதி, போதும். பதினேழு எதுக்கு, சேலையா சாக்கா?"

வெளியே வந்தபோது மீதி ஊக்குகளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். முந்தானையை மட்டும் ஒரு விரலால் தட்டி நேராக்கினார். பத்து நிமிஷம் இருக்கு, ஓடு என்றார். மூன்று ஊக்கில் ஓடினேன். சேலை அசையவில்லை.

பாண்டியில் இறங்கிக் கடலூர் வந்தேன். பஸ் ஸ்டாண்டில் கைலி, சட்டை விற்கும் கடைகள் வரிசையாக இருந்தன. கையில் பணமும் இருந்தது. ஒரு கடைப்பக்கம் கால் போகவும் செய்தது. அதற்குள், கூடப் பரோட்டா போட்ட பழைய ஆள் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டான்.

"மச்சான், நீயா? சேலைய கட்டிக்கிட்டியா, இல்ல எவனையாச்சும் கட்டிக்கிட்டியா?" என்றான். நாலு பேர் திரும்பினார்கள்.

"சேலையதான் மச்சான். அக்காவுக்கு ஆபரேசன், போறேன்" என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருக்கிறார்கள் என்று கேட்டவன், கிளம்பிக்கொண்டிருந்த சிதம்பரம் பஸ்ஸின் பக்கத்தைத் தட்டி நிறுத்தினான். நான் ஏறினேன். கைலிக் கடை பின்னால் போனது. இனி மாற்றி யாரிடம் மறைக்கப்போகிறேன் என்றுதான் தோன்றியது.

ஆஸ்பத்திரி வந்தபோது நாலரை. அக்காவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். உதடெல்லாம் வெளுத்திருந்தது. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். 

"கட்டின துணியோட வான்னுதான்டா சொன்னேன்" என்றாள். முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "நல்லாதான் கட்டியிருக்க" என்றாள்.

நர்ஸ் ஒரு தாளோடு வந்தார். என்னைச் சரியாகப் பார்க்காமல், சேலையை மட்டும் பார்த்து, உறவுமுறை என்ற இடத்தில் தங்கை என்று எழுதினார். நான் அப்படியே கையெழுத்துப் போடத்தான் பேனாவை வாங்கினேன். நேரம் இல்லை, எது எழுதியிருந்தால் என்ன. அக்கா வண்டியில் படுத்தபடியே கையை நீட்டித் தாளைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி இல்லம்மா. தம்பி. கூடப் பொறந்த தம்பின்னு எழுதுங்க" என்றாள்.

நர்ஸ் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.  எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் தம்பி என்று எழுதினார். அடித்துத் திருத்திய இடத்திலும் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். இரண்டு கையெழுத்துப் போட்டேன். வண்டி உள்ளே போனது.

அக்கா பிழைத்துக்கொண்டாள். நான் மறுபடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். போகிற இடத்தில் யாராவது என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்டால், சேலையில் இருந்தாலும் பேண்ட்டில் இருந்தாலும், அடித்து எழுதிய அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அதற்கு மேல் பதில் எதுவும் எனக்கு இதுவரை தேவைப்படவில்லை.