ஜெர்ரியின் தோளில் இன்று எத்தனை பட்டை

நோணாங்குப்பம் படகுத்துறையில் ஜெர்ரி வீட்டுச் சண்டையை யாரும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தோளைப் பார்த்தால் போதும்.

பாரடைஸ் பீச்சுக்குப் படகு விடுகிற ஜெர்ரி, அதைத் தாண்டி எங்கும் போனவரல்ல. கப்பல் கேப்டனான சித்தப்பா மகன் ஒருமுறை வந்து போனதிலிருந்து அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு தங்கப் பட்டை. மனைவி லினெட்டுக்கு சேதராப்பட்டில் பை தைக்கும் கம்பெனியில் வேலை. அவளிடம் கெஞ்சித் தைத்து வாங்கிக்கொண்டார். துவைக்கும்போது கழற்ற வசதியாக, பட்டைக்குப் பட்டை ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ வைக்கச் சொன்னதும் அவரேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதென்றால் இப்படித்தான்.

முதல் சண்டை கருவாட்டால் வந்தது. மீந்திருந்த வறுவலை அவர் ஒருவரே தின்று தீர்த்துவிட்டார். மாட்டியிருந்த சட்டையிலிருந்து லினெட் தோளுக்கு ஒரு பட்டையாகச் சர்ரென்று பிய்த்தெடுத்தாள். அன்றிலிருந்து அதுவே வீட்டுச் சட்டமாகிவிட்டது. குடித்துவிட்டு வந்தால் இரண்டு போகும், மாமியாரைக் குறை சொன்னால் ஒன்று. பாத்திரம் தேய்த்தால் ஒன்று திரும்பும். வெறுந்தோளோடு வேலைக்குப் போகலாமே என்றால் ஜெர்ரிக்கு மனம் வராது.

இந்த நிலைமையில்தான், கடலோரக் காவல்படையின் பெரிய அதிகாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வருகிறார், உன் படகுதான் என்று படகுத்துறையில் சொன்னார்கள். தோளில் அகலப் பட்டை வைக்கிற பதவி. மெல்லிய பட்டைகளையெல்லாம் ஏறிக் கடந்தவர்களுக்குத்தான் அது வரும். அப்பேர்ப்பட்டவர் முன்னால் நான்கு பட்டையோடு நிற்க வேண்டும் என்பதைத் தவிர ஜெர்ரிக்கு வேறு நினைப்பே இல்லை. கையில் இருந்ததோ இரண்டு.

பாத்திரம் தேய்த்தார், மூன்றானது. பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கிவந்து தானே அறுத்துக் கழுவினார், நான்கானது. ஞாயிறு காலை அந்தச் சட்டையோடேயே மாதா கோயில் பூசைக்குப் போனார். பிரசங்கத்தின் நடுவே, கோயில் முழுக்கக் கேட்கும்படி குறட்டை விட்டார். சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கோயில் வாசலிலேயே மூன்று பட்டை போயிற்று.

ஜெர்ரிக்கு அழுகையே வந்துவிட்டது. கூடப் படகு விடும் செம்மல், மிச்சமெல்லாம் சலவைக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிடும்படி யோசனை சொன்னார்.

அதிகாரி டீ-சர்ட்டும் அரைக்கால் சட்டையுமாக வந்தார். அவர் தோளில் ஒன்றுமே இல்லை. அவருடைய மனைவிதான் ஜெர்ரியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். படகு கிளம்பியதும், பட்டை ஒட்டும் இடம் மூன்று காலியாக இருக்கிறதே, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

சலவை என்று சொல்லத்தான் ஜெர்ரி வாயைத் திறந்தார். பொய் சொன்னால் எத்தனை பட்டை போகும் என்று மனசு கணக்குப் போட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான்.

“வீட்டுக்காரம்மா புடுங்கிட்டாங்க மேடம். பூசையில கொறட்ட வுட்டுட்டேன்.”

கருவாட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்து பார்த்தால், மனைவி சிரிக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார்.

“அந்த வெல்க்ரோ அகலப் பட்டையைத் தாங்குமா?”

அதிகாரி தன் வெறுந்தோளைத் தடவிக்கொண்டார். திரும்பி வந்து இறங்கும்போது ஜெர்ரியைத் தனியே அழைத்து, உங்கள் வீட்டம்மா நம்பரை மட்டும் என் மனைவிக்குத் தந்துவிடாதீர்கள் என்று கெஞ்சினார்.

ஜெர்ரி தன் ஒற்றைப் பட்டையைத் தொட்டுக் காட்டினார்.

“அப்பவே குடுத்துட்டேன் சார். குடுக்கலன்னு பொய் சொன்னா இதுவும் பூடும்.”