தலைமாட்டு நாற்காலி

இந்த ஊர் ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் தொப்பியில் எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். அவசரத்தில் யார் என்ன வேலைக்கு என்று குழப்பம் வரக்கூடாதாம். என் தொப்பியில் பெயருக்குக் கீழே ‘போர்ட்டர்’ என்றிருக்கும். வார்டிலிருந்து நோயாளியைக் கட்டிலோடு தள்ளிவந்து தியேட்டரில் விட்டுவிட்டு வெளியேறுவது என் வேலை. மயக்க மருந்துப் பிரிவின் பெரிய டாக்டரம்மாவை ‘ஹெலன்’ என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மேடம் என்றால் சிரிக்கிறார். நாமக்கல்லில் ஒரு டாக்டரை இப்படிக் கூப்பிட்டால் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியிருக்காது. இங்கிலாந்துக்கு வந்த புதிதில் இந்த வழக்கம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எல்லாத் தலையிலும் ஒரே நீலத்துணிதானே என்று நினைத்துக்கொள்வேன். அதே நீலத்துணியில் ‘செந்தில், அனஸ்தீசியா ரெசிடென்ட்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்த நாளிலிருந்து அந்த நினைப்பு போய்விட்டது.

செந்தில் என் சித்தப்பா மகன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரே காட்டுவளவில், ஒட்டிய வீடுகளில் பிறந்தவர்கள். என்னைவிடச் சில மாதங்கள் இளையவன். பத்தாவது பாதியில் நான் ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் ஏறிவிட்டேன். அவனை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அவன் சேலத்தில் மருத்துவம் படித்த வருடங்களில் நான் சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தேன். இடையில் பள்ளிபாளையத்தில் கொஞ்ச காலம் தறி ஓட்டினேன். அதுவும் நிலைக்கவில்லை. கத்தார் போனேன். பிறகு என் மனைவி கோகிலாவுக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை கிடைக்க, அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன். அண்ணன் இருக்கிற ஊர் என்று செந்தில் தன் பயிற்சிக்கு இந்த ஆஸ்பத்திரியையே கேட்டு வாங்கிக்கொண்டான்.

“தம்பி டாக்டர்! உனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்!” என்றான் கூட வேலை செய்யும் கெவின். ‘யெஸ்’ என்றேன். பங்காளி என்றால் என்னவென்று அவனுக்கு விளக்கப் பார்த்தேன். என் ஆங்கிலத்துக்கு ‘பிரதர் மாதிரி’ என்பதுதான் எட்டியது. “அப்படியானால் இன்னும் நல்லது” என்று முதுகில் தட்டினான்.

ஒருமுறை ராய்ப்பூரிலிருந்து ரயிலில் வந்து சேலம் ஜங்ஷனில் இறங்கினேன். தலைமுடியெல்லாம் பாறைத்தூள் படிந்து கிழவனைப் போலிருந்தேன். சூரமங்கலம் டவுன் பஸ் நிறுத்தத்தில் செந்தில் தன் கல்லூரி நண்பர்களோடு நின்றிருந்தான். பார்க்காதவனைப் போல நான் நகர்ந்தேன். அவன் ஓடிவந்து என் மூட்டையை வாங்கிக்கொண்டு, “எங்க அண்ணன்டா” என்றான். அத்தனை பேரும் வணக்கம் வைத்தார்கள். அவன் என்னை மறைத்திருந்தால் மனதார வெறுத்துத் தொலைத்திருக்கலாம். அந்த வசதியைக்கூட அவன் எனக்குக் கொடுக்கவில்லை.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். டாக்டர் ஆனபிறகும் இந்த மயக்க மருந்துப் படிப்பு வருடக்கணக்கில் நீள்கிறது. ஒவ்வொரு ஊசிக்கும் ஹெலன் அவன் தோளுக்குப் பின்னால் நிற்பாராம். ஒரு பரீட்சையில் அவன் தோற்ற வாரம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து வாழைப்பழத்தில் ஊசி குத்திப் பழகுவான். ஊசி போகப்போகக் கட்டைவிரலுக்கு ஓர் எதிர்ப்பு தெரியுமாம். சரியான இடம் வந்ததும் அது சட்டென்று விட்டுப்போகுமாம். முதுகுத்தண்டு ஊசிக்கு அதுதான் அடையாளம்.

“ரிக்குல பாறை முடிஞ்சு சந்து வந்தா லீவர் இப்பிடித்தாண்டா லேசாகும்” என்றேன்.

“அதேதானுங்கண்ணா!” என்று மகிழ்ந்துபோனான்.

இரண்டும் ஒன்றேயானால், அது அவன் தலையில் தொப்பியாக ஏறியதும் என் நெஞ்சில் தூசியாக இறங்கியதும் எப்படி என்ற கேள்வி வாய்வரை வந்தது. பழத்தை உரித்துத் தின்றுவிட்டேன்.

பல வருடம் கழித்துக் கோகிலா உண்டானாள். குழந்தை வயிற்றுக்குள் தலைமேலாக உட்கார்ந்துவிட்டது, ஆபரேஷன்தான் என்று நாள் குறித்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துவிட்டு, விழித்திருக்கும்போதே வயிற்றைத் திறப்பார்கள். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

“தம்பி, அந்த ஊசிய நீங்களே போட்டுடுங்களேன்.”

“அதெப்பிடிங்க அண்ணி? நான் இன்னும் படிக்கறவன். சொந்தக்காரங்களுக்குப் போட உடவும் மாட்டாங்க. கை நடுங்கிருமுங்க.”

“வாழப்பழத்துக்கு நடுங்கலீங்களே?”

“வாழப்பழம் எனக்கு அண்ணி முறை இல்லீங்களே.”

இருவரும் சிரித்தார்கள். நான் ரசத்தைப் பிசைந்தேன். கோகிலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்ப தலைமாட்டுலயாவது நீங்க உக்காருங்க தம்பி.”

தியேட்டரில் பிள்ளை பெறுகிறவளின் தலைமாட்டில் ஒரு நாற்காலி போடுவார்கள். துணைக்கு ஒருவர் மட்டும் உட்காரலாம். இந்த ஊரில் அது புருஷன் நாற்காலி. கணவன்மார் பெருமையோடு அதில் போய் உட்காருவதை நான் தினமும் பார்க்கிறவன். செந்தில் தட்டைப் பார்த்தபடி, “அண்ணன் இருக்காருங்களே அண்ணி” என்றான்.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க” என்று அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயப்படக்கூட முடியாது. நான் அழுதா நீங்க அங்கிருக்கறவங்களயெல்லாம் சத்தம் போடுவீங்க. அப்பறம் உங்களச் சமாதானம் பண்றதே எனக்கு வேலையாப் போயிரும்.”

“உன்ற இஷ்டம்” என்றேன். அதற்கப்புறம் அன்றைக்கு யாரும் மறுசோறு கேட்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை நான் விடுப்பிலிருந்தேன். ஆனாலும் கெவினிடம் கேட்டு, அவள் கட்டிலை நானே தள்ளிக்கொண்டு போனேன். செந்தில் கூடவே நடந்தான். தியேட்டர் வாசலில் ஹெலன் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, துணைக்கு வருபவருக்கான தொப்பியை என்னிடம் நீட்டினார். வாங்கி மாட்டிக்கொண்டால் போதும்.  கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கோகிலாவின் கை வெளுத்திருந்தது. நான் செந்திலைக் காட்டினேன். ஹெலன் என் தோளைத் தொட்டு, “ரத்தத்தைப் பார்க்க முடியாத கணவர்கள் நிறையப் பேர் உண்டு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை” என்றார். ரிக் கம்பியில் நசுங்கிய ஓர் ஆளின் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி தேடி அலைந்தவன் நான். அதை எப்படிச் சொல்வது? தேங்க் யூ என்றேன்.

கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியாகச் செந்திலின் முதுகும் பக்கத்தில் ஹெலனின் கைகளும் மட்டும் தெரிந்தன. அவன் குனிந்து கோகிலாவின் காதருகே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்த முதுகு விறைத்தது. ஹெலன் ஊசி ஒன்றை எடுத்துக் குழாயில் வேகமாக ஏற்றினார். செந்தில் பாதி எழுந்து நின்றான். என் கை கதவில் இருந்தது. தள்ளுவதுதான் என் பிழைப்பு. அந்தக் கதவை மட்டும் நான் தள்ளவில்லை. செந்தில் மறுபடி உட்கார்ந்தபோதுதான் மூச்சு விட்டேன். பிறகு குழந்தையின் அழுகை கேட்டது.

வெளியே வந்தவனின் கண் சிவந்திருந்தது. “பொண்ணுங்கண்ணா. நடுவுல அண்ணிக்குக் கொஞ்சம் பிரஷர் எறங்கிருச்சு, உடனே சரி பண்ணிட்டாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க.”

“அப்பிடி என்னடா பேசிட்டே இருந்தே?”

“நானெங்கீங்க பேசறது? அண்ணி விட்டாத்தானே! முழுக்க உங்களத்தான் திட்டினாங்க. நீங்க சொல்லாமப் போன ஊரெல்லாம் வரிசையாச் சொல்லிச் சொல்லித் திட்டினாங்க.”

“கொழந்தைகிட்ட?”

தயங்கினான். “வந்துட்டியா சாமின்னேன்.”

என் மகள் இந்த உலகத்தில் கேட்ட முதல் தமிழ், பங்காளி வாயிலிருந்து வந்தது. உள்ளே போனேன். கோகிலா களைத்த முகத்தோடு, “வாங்க. இப்ப நீங்க அழுதுக்கலாம்” என்றாள். குழந்தையை வாங்கிக்கொண்டேன். செந்தில் சொன்னதேதான் எனக்கும் வாயில் வந்தது. அதனால் ஒன்றும் சொல்லாமல் முகர்ந்து பார்த்தேன்.

ஊரில் அப்போது மாலை. நான் ஜன்னலோரம் நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். கதவோரம் நின்று செந்தில் தன் அம்மாவுக்கு, என் சித்திக்கு, போட்டான். ஊரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் சுவர். என் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவன் போனில், சித்தியின் பேச்சுக்கு நடுவே, சுவரைத் தாண்டி என் அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

“கொழந்தைய நல்லாக் காட்டுடா சாமி, ஒண்ணும் தெரியல!”

மகளைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கம் நடந்தேன்.