பேஸ்மட்டத்தின் மேல் ஒரு கடல் நோட்டீஸ்

பதினைந்து வருடம் ஒரு எண்ணெய் நிறுவனத்தில் கடலுக்குச் சட்டம் பார்த்த வக்கீல் நான். எண்ணெய்க் கிணறு, ரிக் வாடகை ஒப்பந்தம், கப்பல் தகராறு என்று ஓடியது. கடலில் ஒரு சுகம் உண்டு: பக்கத்து நிலத்துக்காரர் மீன்தான். ஆட்சேப மனு போடமாட்டார்.

பிறகு என்னைக் கரைக்கு மாற்றினார்கள். ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு கேஸ் பைப்லைன். சேரப்பணஞ்சேரிப் பக்கம் வயல்களுக்கு அடியில் போகிறது. நிலம் பறிபோகாது, உழலாம், விதைக்கலாம். ஆனால் பைப் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. ஆட்சேபம் இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் சொல்லவேண்டும்.

ஊரில் ஒட்டும் நோட்டீஸை எழுதியது நான். கை கடலிலேயே பழகிய கை. எல்லையை அட்சரேகை, தீர்க்கரேகையாக, புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை இழைத்துவிட்டேன். அலைக்கு ஏது சர்வே நம்பர்?

இருபத்தொரு நாளும் போயிற்று. ஒரு மனுகூட இல்லை. சட்டப் பிரிவின் தலைவர், எல்லாருக்கும் சீஃப், என் முதுகில் தட்டினார். "என்னய்யா, ஊரையே மயக்கிட்ட?"

மறுநாள் மார்க்கர் கல் நடப் போனோம். நெல்தாள்களின் மேல் லாரி ஹாரன்கள் மேய்ந்துகொண்டிருந்த காலை. புதுப் பேஸ்மட்டம் ஒன்றின் நடுவே, தொழிற்சாலை யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல், ஷிப்ட் முடிந்து வந்த கன்னியம்மாள் என்ற பெண் நின்றிருந்தார்.

"யோவ், கல்லத் தூக்கினு எறங்கு. இது என் வூடு."

"பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல நோட்டீஸ் ஒட்டினோமேம்மா" என்றேன்.

"தெனிக்கும் பாத்துகினுதான் போனேன். செல்போன் டவர் கணக்குன்னு நெனச்சேன். என் நெலத்துக்கு நூத்திப் பன்னெண்டு பார் ரெண்டுன்னு நம்பர் கீது. அத்த எழுதினா கை சுளுக்கிக்குமா?"

"கடல்ல இப்பிடித்தாம்மா எழுதுவோம்."

"கடல்ல எவன் சார் வூடு கட்றான்? எட்டு வருசம் ஓவர்டைம் பாத்து எழுப்புன பேஸ்மட்டம் இது!"

அவர் வீட்டை என் தசமப் புள்ளிகள் விழுங்கியிருந்தன.

சீஃப்பிடம் ஓடினேன். "கெடு முடிஞ்சாச்சு. சட்டம் நம்ம பக்கம்" என்றார்.

"நோட்டீஸே தப்பு சார். படிச்ச யாருக்கும் எந்த நிலம்னு தெரியாது."

"அதை எழுத்துல குடுத்துடாதேய்யா!"

"குடுத்துட்டேன் சார்."

ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் சர்வே நம்பரோடு புது நோட்டீஸ் போனது. இந்த முறை மனுக்கள் ஒரு கட்டு. விசாரணையில் முதல் ஆள் கன்னியம்மாள். கையில் பட்டா, வாயில் வெற்றிலை. அதிகாரி கிராம வரைபடத்தை விரித்தார். கன்னியம்மாள் நிலத்தை ஒட்டியே வண்டிப்பாதைப் புறம்போக்கு ஓடியது. "பைப்புல ரெண்டு பெண்ட் போட்டா அந்தப் பக்கம் ஒதுங்கிடும் சார்" என்றார் எங்கள் இன்ஜினியர், முன்பே தெரிந்தவர் மாதிரி. லைன் ஒதுங்கியது. பேஸ்மட்டத்தின் மேல் சுவர் ஏறியது.

இளம் வக்கீல்களே, இப்போதெல்லாம் எந்த நோட்டீஸையும் அச்சுக்கு அனுப்பும் முன் அந்த ஊர் டீக்கடையில் நின்று உரக்கப் படிக்கிறேன். "ஐயோ, அது நம்ம நெலமாச்சே!" என்று ஒரு கிளாஸாவது தடுமாறவேண்டும். எல்லாரும் நிம்மதியாக டீ குடித்தால், கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன்.