ஜீப்பில் சொன்ன டாக்டர் படிப்பு

எனக்கு எழுபத்திமூணு வயசு. அஞ்சு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். இன்னும் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போறேன்.

மூத்த மகளோட மக ஜெர்மனியில நர்சு வேலை பழகுறா. பழகும்போதே மாசச் சம்பளம் தர்றாங்க. மூணு வருசம் முடிச்சா அங்கேயே வேலை பார்த்துத் தங்கிக்கலாம். போடியில ஜீப்பு ஏறுனா மலை வர்ற வரைக்கும் அவ பேச்சுத்தான் எனக்கு. ஆனா டாக்டருக்குப் படிக்கிறதாச் சொல்லி வச்சேன். வயசானவங்களைக் குளிப்பாட்டித் துடைச்சு விடுறாங்கிறது என் வாயில வரலை.

பக்கத்துல உட்கார்ற ராசிங்காபுரத்துக்காரி ஒருநாள் கேட்டா, "ஆத்தா, எம்மக பன்னெண்டு முடிச்சிட்டா. அவளும் அங்க போகலாமா?"

"டாக்டர் படிப்புடி. உங்களுக்குக் கட்டுபடியாகுமா?"

"அதுவுஞ்சரிதான். எங்களுக்கு ஏலக்காய் எடுக்கத்தான் கட்டும்"னு சிரிச்சா.

போன வாரம் அந்தப் பிள்ளையும் காயெடுக்க ஜீப்புல ஏறிருச்சு. மத்தியானம், காய்க்கறை பிடிச்ச விரலை மண்ணுல தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிக்கிட்டிருந்துச்சு. "அது போகாது, சோத்தைத் தின்னு"ன்னேன். என் தூக்குச்சட்டியை மூடி வச்சிட்டேன்.

பேத்திக்குப் போன்ல எல்லாம் சொன்னேன். "அம்மாச்சி, என் வேலை உனக்கு அம்புட்டுக் கேவலமா?"ன்னு கேட்டா. பெறகு, "அந்தப் பிள்ளையை எங்கிட்டப் பேசச் சொல்லு, ஜெர்மன் மொழி எங்க படிக்கணும்னு சொல்றேன்"னா.

இன்னைக்குச் சாயங்காலம் ராசிங்காபுரத்துக்காரி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லணும். நேர்ல வாயில வரலைன்னா எழுதிக் குடுத்துடலாம்னு பாக்குறேன். எனக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். அதனால நான் சொல்லச் சொல்ல எம்பேரன் எழுதுறான்.

அப்பு, எதையும் மழுப்பாம எழுதியிருக்கியா? மொதல்ல இருந்து வாசி, கேக்குறேன்.