வெள்ளை மேசையில் மஞ்சள் கறை

எனக்குச் சந்தேகக் குணம் உண்டு. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். கொடியில் காயப்போட்ட துணியைக்கூட மாலையில் எண்ணித்தான் எடுப்போம். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பாசாரில் மீன்காரர் என்னைக் கண்டதும் செவுளைத் தானே தூக்கிக் காட்டிவிடுவார்.

அதனால் என் மகளுக்குத் தண்ணீர் விளையாட்டு மேசை வாங்கப் போன நாளில் கடைக்காரர் பட்ட பாட்டை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அவளுக்கு அப்போது மூன்று வயது. என்னோடு ஆபீசில் வேலை செய்த ஒருத்தி வீட்டில் அப்படி ஒரு மேசையைப் பார்த்துவிட்டு, அதை விட்டு வரமாட்டேன் என்று அழுது ஊரைக் கூட்டிவிட்டாள். நாலு கால், மேலே அகலமான தொட்டி, தண்ணீரை ஊற்றினால் சுற்றும் ஒரு சக்கரம், அடியில் தண்ணீரைத் திறந்துவிட ஓர் அடைப்பு. அவ்வளவுதான். தொட்டி ஒரு குழந்தையின் இடுப்பு உயரத்துக்கு இருக்கும்.

கிள்ளானில் வாளியும் கூடையும் விற்கும் சீனர் கடையில் இரண்டு மேசைகள் இருந்தன. ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. நான் குனிந்து முகர்ந்தேன். கால்களை ஆட்டினேன். விளிம்பில் பிசிர் இருக்கிறதா என்று விரலால் முழுக்கத் தடவினேன். தமிழர்கள் வேலை செய்த ரப்பர்த் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவராம் அந்தக் கடைக்காரர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். தொட்டியில் நான் முழங்கையை ஊன்றி அழுத்தியதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, பிள்ளை தண்ணி ஊத்தப் போவுது லா. லோரி ஏத்தப் போறதில்ல."

நீலத்தை வாங்குங்கள், அழுக்குத் தெரியாது என்றார். அழுக்குத் தெரியாத பொருளை எதற்கு வாங்குவது? வெள்ளையில் எதையும் மறைக்க முடியாது. நான் வெள்ளையையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டேன். சனிக்கிழமை மட்டும்தான் விளையாட்டு, அதுவும் நான் பக்கத்தில் இருக்கும்போது. கால்வாசித் தொட்டிக்கு மேல் தண்ணீர் கூடாது. முடிந்ததும் அடைப்பைத் திறந்து, சக்கரத்தைக் கழற்றித் துடைத்து, மேசையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். டிங்கிக் காய்ச்சல் பயம் எங்கள் தாமான் குடியிருப்பில் எப்போதும் உண்டு. சுகாதார இலாகா ஆட்கள் டார்ச் அடித்துப் பூத்தொட்டித் தட்டுகளைக்கூடப் பார்ப்பார்கள். துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்த்த என் கணவர், "நீ போலீஸ்ல சேர்ந்திருந்தா இந்நேரம் இன்ஸ்பெக்டர் ஆயிருப்பே" என்பார்.

பகலில் மகளைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு அக்கா. ரவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவர் லோரி ஓட்டுநர். பையனும் பெண்ணும் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். மழை வந்தால் துணியை எடுக்க எங்கள் கேட் சாவி ஒன்றை அவரிடம் கொடுத்து வைத்திருந்தேன். நான் சாவி கொடுத்த ஒரே ஆள் அவர்தான். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அந்த வருடம்தான் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. ஒன்றுவிட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர். மற்ற நாளில் பிடித்து வைத்ததைக் கொண்டு சமாளிக்க வேண்டும். விளையாட்டு மேசையைக் கழுவிக் காயவைத்து, பக்கவாட்டு முற்றத்தில் கவிழ்த்து, மேலே பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு மூடினேன். அந்தச் சமயம் பார்த்து மகளுக்கு அம்மை போட்டது.

அக்கா கேட் பக்கம் வந்து நின்று, "அம்மா வந்திருக்கா மா. வேப்பிலை கொண்டாந்து தரவா?" என்றார்.

"சிக்கன் பாக்ஸ் அக்கா. டாக்டர் லோஷன் குடுத்திருக்கார். ஒன்னும் வேணாம்."

"எறங்கறப்ப மூணு தண்ணியாவது ஊத்தணும் மா."

கொப்புளம் காய்ந்த பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் காயவைத்து, நல்ல கிழமை பார்த்து மூன்று முறை பிள்ளையின் தலையில் ஊற்றுவார்கள். வந்த அம்மாவை மரியாதையாக வழியனுப்புகிற வழக்கம் அது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேலும், தலையில் ஒரு குவளை தண்ணீர் விழுந்தாலே தெருவுக்குக் கேட்கும்படி அலறுகிற பிள்ளை அவள். "அதெல்லாம் வேணாம் அக்கா" என்று கறாராகவே சொல்லிவிட்டேன். அவர் சரி மா என்று போய்விட்டார்.

இரண்டு வாரம் நானும் கணவரும் மாற்றி மாற்றி லீவு எடுத்தோம். கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்கானதும் ஒரு திங்கட்கிழமை மகளை மறுபடி அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் மூக்கில் வியர்த்தது. மேசை மேல் போட்டிருந்த விரிப்பின் மடிப்பு மாறியிருந்தது. நான் எப்போதும் நாலாக மடித்து ஓரத்தில் செங்கல் வைப்பேன். செங்கல் இருந்தது, மடிப்பு வேறு. மேசையை நிமிர்த்தினேன். உள்ளே ஈரம். வெள்ளைத் தொட்டியில், விளிம்புக்குக் கீழே, வட்டமாக ஒரு மஞ்சள் கறை.

முதலில் கடைக்காரர் மேல்தான் சந்தேகம் வந்தது. மட்டமான பிளாஸ்டிக், வெயிலில் நிறம் மாறுகிறது என்று நினைத்தேன். பிறகு குழாய்த் தண்ணீர் மேல் சந்தேகம். அடைத்துத் திறந்தால் கலங்கலாகத்தானே வரும்? ஆனால் அன்று எங்கள் வீட்டில் தண்ணீர் வராத நாள். சவர்க்காரமும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. அடைப்பைக் கழற்றியபோது அதன் கழுத்தில் ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். வேப்பிலை.

அதற்குப் பிறகு நான் தூங்கினேன் என்றா நினைக்கிறீர்கள்? ஒவ்வொன்றாகக் கோத்தேன். அக்கா வீட்டுக் கேட்டில் கொஞ்ச நாளாக ஒரு வேப்பங்கொத்து செருகியிருந்தது. அவர் வீட்டில் நெத்திலி பொரிக்காத நாளே கிடையாது. மகள் மாலையில் வரும்போது சட்டையெல்லாம் அந்த வாசம்தான் அடிக்கும். இப்போது இரண்டு நாளாக அதைக் காணோம். பிள்ளை தலைசீவி, பவுடர் அப்பி, எதையோ மறைத்தது போல மணத்துக்கொண்டு வருகிறாள். அக்காவின் பையனையும் தெருவில் காணவில்லை. சரிதான், பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது, அதை என்னிடம் மறைக்கிறார். மறைத்ததோடு நிற்காமல், என் பிள்ளை விளையாடும் மேசையில் தன் பையனுக்குத் தண்ணீர் காயவைத்து ஊற்றுகிறார், அதுவும் என் தண்ணீரை எடுத்து. இப்படி முடிவுகட்டினேன்.

என் மகளுக்கு ஊற்றியிருக்கலாம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. நான்தான் வேண்டாம் என்று சொல்லியாயிற்றே.

"நேரா கேட்டுடேன்" என்றார் கணவர். நேராகக் கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? நான் கேட்கவில்லை. புதன்கிழமை காலை விரிப்பின் குறுக்கே ஒரு தையல் நூலைக் கட்டி வைத்தேன். அன்று மத்தியானமே ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்த நர்சரிக்குப் போய், வரும் திங்கட்கிழமையிலிருந்து மகளைச் சேர்க்க எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அக்காவை விட்டால் பிள்ளையை நம்பி விட எனக்கு வேறு ஆளில்லை. அந்த ஆளும் போய்விட்டார் என்கிற பயம்தான் அந்தப் படிவத்தில் என்னைக் கையெழுத்துப் போட வைத்தது.

நூல் புதன்கிழமை அறுபடவில்லை. வியாழக்கிழமையும் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டேன். டாக்சியைத் தெருமுனையிலேயே நிறுத்தி, செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து வந்தேன். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் கேட் திறந்திருந்தது. வெயில் விழும் பக்கவாட்டு முற்றத்தில் மேசை நிமிர்ந்து நின்றது. மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை மிதந்தது. தலை குளித்து முடிந்த கூந்தலோடு அக்கா முழங்காலிட்டிருந்தார். அவருக்கு முன்னால் பையன் இல்லை. என் மகள் இருந்தாள். அவள் இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, அவர் விளையாட்டுக் குவளையால் தண்ணீரை மொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அவள் தலையில் ஊற்றினார். என்னவோ முணுமுணுத்தார். மகள் அலறவில்லை. சிரித்தாள்.

"என் பிள்ளைய வச்சு என்ன பண்றீங்க அக்கா?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். குவளை கீழே விழுந்தது.

"ரெண்டாந்தண்ணி மா" என்றார் மெதுவாக.

அப்போதே நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் மூன்று நாளாகச் சேர்த்து வைத்த சந்தேகமெல்லாம் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. ஒங்க பையனுக்கு அம்மைதானே, எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க என்று கேட்டேன். அவன் ஸ்கூல்ல இருக்கான் மா, பரீட்சை, சாயங்காலம் டியூசன் முடிஞ்சுதான் வர்றான் என்றார். கேட்டில் எதற்கு வேப்பிலை, ஏன் மீன் பொரிப்பதில்லை என்று கேட்டேன்.

"அம்மா எறங்காத பிள்ளை வந்து போற வீடு மா. அங்க எப்படி மீன் பொரிக்கறது? இவளுக்குப் போட்டதுலேர்ந்தே நாங்க கவிச்சி சேக்கல."

லோரி ஓட்டிவிட்டுப் பசியோடு வருகிற மனிதர் இரண்டு வாரத்துக்கு மேலாக என் பிள்ளைக்காகச் சாம்பார் சாப்பிட்டிருக்கிறார். இது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்போதும் நான் விடவில்லை.

"இந்தத் தட்டுப்பாட்டுல இவ்ளோ தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

அவர் கேட் பக்கம் கையைக் காட்டினார். இரண்டு சிவப்பு வாளிகள் காலியாக நின்றன. எங்கள் வீட்டு வாளிகள் பச்சை.

"எங்க வீட்டுத் தண்ணிதான் மா. ஒன் பைப்ப நான் தொடல. இவளுக்குத் தலையில ஊத்துனா பயம். இந்த மேசைன்னா வெளையாட்டு மாதிரி நிக்கறா, அதான் இங்க கொண்டாந்தேன்."

"நான்தான் வேணாம்னு சொன்னேனே?"

"சொன்னே மா. கேட்டா நீ ஒத்துக்க மாட்டே. தப்புதான்."

சேலைத் தலைப்பால் மகளின் தலையைத் துவட்டினார். இடுப்பிலிருந்து கேட் சாவியை எடுத்து மேசை விளிம்பில் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். திங்கட்கிழமையிலிருந்து பிள்ளை நர்சரிக்குப் போகிறாள் என்றேன். முன்பே முடிவுசெய்து வைத்திருந்ததால் அது தானாக வந்துவிட்டது. சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி மா. மூணாந்தண்ணி ஞாயித்துக்கெழம. அத மட்டும் நீயே ஊத்திரு. நம்பிக்கை இல்லாட்டியும் பரவால்ல, பாதியில விட்டுறாத."

பேப்பரில் சுற்றிய வேப்பிலையை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே மேசையைக் கழுவினேன். சேர்த்து வைத்த தண்ணீரை ஊற்றி, மஞ்சளைக் கரைத்து, இலையைப் போட்டு வெயிலில் வைத்தேன். எதற்குச் செய்தேன் என்று கேட்டால் பக்தி இல்லை. குற்ற உணர்ச்சி. தண்ணீர் சூடேறியதும் மகளைக் கூப்பிட்டுக் குவளையைத் தூக்கினேன். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் கேட்டில் தொங்கினாள். "பெரியம்மா ஊத்தணும்" என்று அழுதாள். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், சக்கரத்தைச் சுற்றிக் காட்டினேன். எதுவும் நடக்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரை நம்புவது என்று தெரிந்திருந்தது.

வேறு வழியில்லாமல் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். "வந்து ஊத்துங்க அக்கா" என்றேன். கண் கலங்கிவிட்டது. அவர் உடனே கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மகள் சமர்த்தாக நின்றாள். மூன்றாம் தண்ணீர் முடிந்தது. அன்று எங்களுக்குக் குழாயில் தண்ணீர் வருகிற நாள். கடைசியாக நல்ல தண்ணீரில் அலச வேண்டும் என்றார். எங்கள் குழாய்க்கு முன்னால் போய் நின்று, கையை நீட்டாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பைப்ப தொறக்கலாமா மா?"

என் மகள் நர்சரிக்குப் போகவில்லை. பள்ளி சேரும் வரை அக்காதான் பார்த்துக்கொண்டார். அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் முன்பு கேட்காமலே செய்ததையெல்லாம் கேட்டுச் செய்தார். பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கலாமா, கடைக்குக் கூட்டிப் போகலாமா, தலைக்கு எண்ணெய் வைக்கலாமா என்று எல்லாவற்றுக்கும் அனுமதி. சாவியை மட்டும் எத்தனை முறை நீட்டியும் வாங்கவில்லை. "ஒங்கிட்டயே இருக்கட்டும் மா" என்பார்.

மத்தியானம் மேகம் கறுத்தால் ஆபீசுக்குப் போன் வரும். "மழ வருது மா" என்பார். "சரி அக்கா" என்பேன். மாலையில் வந்து, நனைந்த துணிகளைக் கொடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பேன். அவற்றை நான் எண்ணுவதில்லை.