ஒன்று புள்ளி பூஜ்யம்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தவளைகளின் தீனிக்காக ஈ வளர்க்கக் கூழ் கரைத்தது. ஜனவரி இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை. உருளைக்கிழங்குத் தூள், வினிகர், கரும்புப் பாகு, வெந்நீர். ஆறு பிளாஸ்டிக் குவளைகள். கூழ் ஆறியதும் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவ வேண்டும். பிறகு பழைய குவளையிலிருந்து பறக்கத் தெரியாத பழ ஈக்களைப் புதிதில் தட்டி இறக்க வேண்டும். நான் தட்டினேன். அப்பா துணியால் மூடி, ரப்பர் பட்டை மாட்டி, தேதி எழுதினார்.

ஐந்து குவளைகளுக்கு ஈஸ்ட் வந்தது. ஆறாவதற்கு இல்லை.

“வியாழக்கிழமை பெட்டி எடுக்கப் போறேன்ல, வர்ற வழியில வாங்கிக்கிறேன்,” என்றார்.

தேதி எழுதும்போது இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். பார்த்தேன். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். பெட்டி வந்த பிறகு என்றார். நான் குவளைகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, மூன்றரை மணி நேரம் கார் ஓட்டி கிரீன் பே திரும்பினேன். மறுநாள் எனக்கு வேலை இருந்தது.

அப்பாவின் பெயர் ரெய்னோ லாஹ்தி. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கொதிகலனை முப்பத்தொரு வருடம் பார்த்துக்கொண்டவர். சுப்பீரியர் ஏரிக் கரைக் குளிரில், கட்டடத்தைச் சூடாக்கும் அந்தக் கொதிகலன் ஒரு நாள் நின்றால் பள்ளிக்கூடமே நின்றுவிடும். நிற்கவிட்டதில்லை. நான் அதைப் பார்த்து வளர்ந்துதான் காகித ஆலையில் வெப்பநிலைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போனேன்.

எனக்கு ஒன்பது வயதில் முதல் பெட்டி தபாலில் வந்தது. ஒரு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் கென்டக்கிக்காரர் ஒருவர், டெல்மர் ப்ரூயிட், விளம்பரம் கொடுத்திருந்தார். அட்டைப் பெட்டிக்குள் நுரைப் பெட்டி, அதற்குள் ஈரப் பாசி அடைத்த சின்னக் குவளைகள், குவளைக்கு ஒரு தவளை. கட்டைவிரலின் மேல்கணு அளவு. ஈரல் நிறம், முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள். பெயரென்னவோ விஷத்தவளை. வீட்டில் பிறந்து பழ ஈ தின்று வளர்ந்ததில் விஷம் இருக்காது. அம்மா அதை நம்பவில்லை. ஒரு மாதம் கையுறை போட்டுக்கொண்டுதான் சமைத்தாள்.

தவளைகளுக்கு வெதுவெதுப்பும் ஈரமும் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் நீராவிக் குளியல் அறையான சவுனாதான். அப்பா அடுப்பைப் பிடுங்கிவிட்டு அங்கே கண்ணாடித் தொட்டிகளை அடுக்கினார். எங்கள் பின்லாந்து ஜனத்தில் இது தேவாலயத்தை மாட்டுக் கொட்டகை ஆக்குவதற்குச் சமம். பக்கத்து வீட்டு நீமி சனிக்கிழமைதோறும் அப்பாவைத் தன் சவுனாவுக்குக் கூப்பிடுவார். ஆவியில் உட்காரவைத்து, தெருவில் போகிறவருக்கும் கேட்கிற மாதிரி, “தவளைய குளிக்க வச்சிட்டு இவன் அடுத்த வீட்டுக்குக் குளிக்க வந்திருக்கான்,” என்பார்.

தவளை வளர்ப்பவர்களுக்கென்று ஒரு எழுத்துமுறை உண்டு. புள்ளிக்கு முன்னால் ஆண், பின்னால் பெண். இரண்டு ஆண் மூன்று பெண் என்றால் 2.3. இன்னும் தெரியவில்லை என்றால் மூன்றாவது எண். 0.0.1 என்றால், ஒன்று இருக்கிறது, ஆணா பெண்ணா என்று வளர்ந்த பிறகு பார்த்துக்கொள். அப்பா கிறிஸ்துமஸ் அட்டையில் எங்கள் பெயர்களை எழுதாமல் 1.2 என்று கையெழுத்துப் போடுவார். நீமி அதை வேத வசனம் என்று நினைத்து, எந்தப் புத்தகத்தின் முதல் அதிகாரம் என்று பாதிரியாரிடம் கேட்டிருக்கிறார்.

நான்கு வருடத்துக்கு முன் அம்மா இறந்தாள். அந்த வருட அட்டையில் 1.1.

இந்த இனத்தில் ஆண்தான் பாடும். சீட்டியடிப்பது போல, இடைவெளி இல்லாமல் நீளும் குரல். விளக்கு எரிந்ததும் தொடங்கும். இலையில் இட்ட முட்டைக்குக் காவல் இருப்பதும், தலைப்பிரட்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குத் தூக்கிப்போவதும் ஆண்தான். அம்மா போன பிறகு அப்பா சவுனாவின் கதவைக் கழற்றி, கம்பி வலை அடித்துவிட்டார். காலை ஐந்தரைக்கு அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருப்பார். தனியாக இருக்கிறீர்களே, என்னோடு வந்துவிடுங்கள் என்று ஒரு முறை கூப்பிட்டேன்.

“இது பாடுற வரைக்கும் வீட்ல ஆள் இருக்குன்னு தோணுது. இது நின்னா நான் ஒருத்தன்தான் மூச்சு விடுறேன்னு ஆயிடும்,” என்றார்.

போன வருடம் மார்ச்சில், பாடிக்கொண்டிருந்த ஒரே ஆண் இறந்தது. பதினோரு வயது. மிஞ்சியவை இரண்டு கிழட்டுப் பெண்கள். அவை முட்டையிட்டு இரண்டு வருடமாகிவிட்டது. அப்பாவின் தவளைகள் எல்லாம் முதல் பெட்டியில் வந்தவற்றின் வம்ச வழி. வேறு வழியோடு கலக்கக் கூடாது என்பது தவளை வளர்ப்பவர்களின் கட்டுப்பாடு. அதே வழி இன்னும் டெல்மரிடம் மட்டும்தான் இருந்தது.

அப்பாவுக்குக் கண்புரை அறுவை முடிந்திருந்த சமயம். ஒரு தாளில் பெரிதாக எழுதி என்னிடம் கொடுத்து, டெல்மருக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். 1.0, அதே வழி, என்று எழுதியிருந்தது. நான் “அதே வழியில் 1 தவளை வேண்டும்” என்று தட்டி அனுப்பினேன்.

என் வேலையில் 1.0 என்றாலும் 1 என்றாலும் மதிப்பு ஒன்றே. கருவி எவ்வளவு துல்லியம் என்பதில்தான் வித்தியாசம். தவளைக்குத் துல்லியம் எதற்கு என்று புள்ளியையும் பூஜ்யத்தையும் விட்டுவிட்டேன். அந்த எழுத்துமுறை எனக்கு ஒன்பது வயதிலிருந்து தெரியும். என் பெயரையே அப்படித்தான் எழுதினார்கள். வேலையின் பழக்கம் விரலில் இருந்தது. இதற்குமேல் விளக்கம் இல்லை.

மே மாதம் பெட்டி வந்தது. மூன்று மாதக் குஞ்சு. அப்பா அதை வாழைக்கன்று வைத்த தொட்டியில் விட்டார். வளர்ந்து பாடும் என்று காத்திருந்தார். நானும் வாராவாரம் போனில் கேட்பேன், பாடுகிறதா என்று.

“இன்னும் கொஞ்சம் நாளாகும்,” என்பார்.

அந்தக் கோடையில் நீமியின் சவுனாவுக்குப் போவதை நிறுத்தினார். அக்டோபரில் நான் போனபோது தாடி வைத்திருந்தார். நாற்காலியைச் சவுனா வாசலில் போட்டுக்கொண்டு, சட்டைமேல் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். தொட்டிகளில் தெளிப்பான் மட்டும் மணிக்கு ஒரு முறை சீறியது. பத்து கிலோ குறைந்திருப்பார். வானொலியாவது வையுங்கள் என்றேன். வைத்தார். நான் கார் ஏறுவதற்குள் அணைத்துவிட்டார்.

டிசம்பர் பதிமூன்று, நான் போயிருந்தபோது, புதுத் தவளையின் தொட்டியில் ஓர் இலைமேல் முட்டைகள் இருந்தன. வெள்ளையாக, பூசணம் பிடித்து. ஆண் இல்லாத முட்டை. கிழவிகள் வேறு தொட்டியில். ஆகவே புதிதாக வந்ததும் பெண்.

எனக்குக் கோபம் வந்தது. டெல்மர் ஏமாற்றிவிட்டார் என்று அப்பாவின் எதிரிலேயே போன் போட்டேன், இருவருக்கும் கேட்கும்படி. டெல்மர் பொறுமையாகக் கேட்டார். பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்து வாசித்தார். ஒரு தவளை என்றுதான் இருந்தது, ஆண் என்று இல்லை, ஆகவே வழக்கப்படி குஞ்சு அனுப்பினேன், மூடியிலும் எழுதியிருந்தேன் என்றார்.

“அந்த மூடி அங்கதான் இருக்கா ரெய்னோ?”

“இருக்குய்யா. 0.0.1. வந்த அன்னிக்கே பாத்தேன்,” என்றார் அப்பா.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, “எம்பொண்ணு கருவி ரிப்பேர் பண்றவ. அவளுக்கு ஒண்ணுன்னா ஒண்ணுதான். அந்த ஒண்ணும் பொண்ணாப் போச்சு,” என்று சிரித்தார்.

டெல்மரும் சிரித்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். மனைவிக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கிறது. வீட்டை விற்றாயிற்று. ஜனவரி முப்பதாம் தேதி சாவியைக் கொடுத்துவிட்டு மகன் வீட்டுக்குப் போகிறார்கள். தவளைகள் எல்லாம் போய்விட்டன. பாடுகிற ஆண் ஒன்று மட்டும் பாக்கி. உனக்காக வைத்திருக்கிறேன், ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே போகிற நாளில் அனுப்ப மாட்டேன் என்றார்.

எங்கள் ஊரில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை பூஜ்யத்துக்கு மேலே வருவதே இல்லை.

ஜனவரி முழுக்க அப்பா திங்கட்கிழமைதோறும் டெல்மரைக் கூப்பிட்டார். டெல்மர் இரண்டு ஊரின் வானிலையையும் பார்த்துவிட்டு, இந்த வாரம் வேண்டாம் என்பார். நான் கணக்குப் போட்டேன். நுரையின் தடிமன், கூட வைக்கும் சூட்டுப் பொட்டலம் தாங்கும் நாற்பது மணி நேரம், விமானத்திலிருந்து இறக்கி வண்டியில் ஏற்றும்வரை திறந்த வெளியில் நாற்பது நிமிடம், வெளியே உறைநிலைக்குப் பதினெட்டு கீழே. தாளை அவர் முன்னால் வைத்து, உயிரோடு வர நாற்பது சதவீதம்தான் என்றேன்.

“ஆணா இருக்க அம்பது சதவீதம்னு ஒண்ணுக்காக ஏழு மாசம் உக்காந்திருந்தேன். நாப்பது பரவால்ல,” என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கடைசி வாரம் வந்தது. நாங்கள் கூழ் கரைத்த ஞாயிறன்று, ஐந்தாவது குவளைக்குப் பிறகு, அப்பா கை கழுவிவிட்டு என் கணினியை வாங்கித் தானே ஒற்றை விரலால் தட்டினார். செத்தால் என் பொறுப்பு, வீட்டுக்கு வேண்டாம், விமான நிலையத்துக் கூரியர் கவுன்ட்டரில் சூடான அறையில் வைக்கச் சொல், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். கீழே 1.0 என்று போட்டார். அனுப்பும் முன் என்னைக் கூப்பிட்டு, “சரியா இருக்கா பாரு,” என்றார்.

சரியாக இருந்தது.

டெல்மர் புதன்கிழமை நாலு மணிக்கு அனுப்பினார். வியாழன் காலை ஏழரைக்கு அப்பா எனக்குப் போன் செய்தார். கிளம்புகிறேன், எழுபது மைல், பதினொன்றுக்குள் திரும்பிவிடுவேன் என்றார். குரலில் அவசரம் இருந்தது. டயருக்குச் சங்கிலி மாட்டச் சொன்னேன். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பனி தள்ள வந்த நீமி, வண்டி இன்னும் நிற்கிறதே என்று உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். அப்பா சமையலறை நாற்காலியில் இருந்தார். ஒரு காலில் பூட்ஸ் கட்டியிருந்தது. மற்றதின் கயிறு கையில் இருந்தது. மேசையில் தவளையைக் குளிர் படாமல் கொண்டுவரக் குளிர்ப்பெட்டி, அதற்குள் துண்டு, பக்கத்தில் வெந்நீர் நிரப்பிய தெர்மாஸ்.

நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். கோட்டையும் பூட்ஸையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பையோடு வீட்டுக்கு வந்தேன். நீமி அடுப்பை அணைத்து, நாற்காலியை உள்ளே தள்ளி வைத்திருந்தார். சவுனா பக்கம் தெளிப்பான் ஒரு முறை சீறி நின்றது.

மூன்று நாற்பதுக்குப் பைக்குள் அப்பாவின் போன் அடித்தது. எடுத்தேன்.

கூரியர் கவுன்ட்டரிலிருந்து கார்லீன் என்று ஒரு பெண். லாஹ்தி ஐயா இருக்கிறாரா என்று கேட்டாள். மகள் பேசுகிறேன் என்றேன்.

“காலையிலேந்து அவருக்காக ஒரு பெட்டி வச்சிருக்கேம்மா. நேத்தே மூணு தடவ போன் பண்ணி ஹீட்டர் பக்கம் வைன்னாரு, அதான் என் மேசைக்குக் கீழயே வச்சேன். ஆறு மணிக்குப் பூட்டிடுவோம். எடுக்கலன்னா காலைல முதல் விமானத்துல கென்டக்கிக்கே திரும்பிடும். அவரு வரலையா?”

“வர முடியாது.”

“அப்ப நீங்க வாங்க. அவரோட அடையாள அட்டை வேணும். பேரு ஒத்துப்போகணும்.”

வெள்ளிக்கிழமை கென்டக்கியில் வாங்கிக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள். உயிர் இருக்கிறதா என்று கேட்டேன். திறக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது, தெரியாது என்றாள். பிறகு, “மேல ஒண்ணு புள்ளி பூஜ்யம்னு பெருசா எழுதியிருக்கு. எடையாம்மா அது?” என்றாள்.

“இல்ல. ஒரு ஆண். பெண் இல்ல.”

“ஓ,” என்றாள். “ஆறு வரைக்கும்தான் இருப்பேன்.”

மூன்று நாற்பத்தைந்து. எழுபது மைல். பனி மறுபடியும் விழத் தொடங்கியிருந்தது. பையைச் சமையலறை மேசையில் கொட்டினேன். கோட்டின் உள்பையில் அவர் அட்டை இருந்தது. கூடவே பழைய உறையைக் கிழித்த ஒரு துண்டுக் காகிதம். அப்பா வேலைகளை வரிசையாக எழுதி, முடித்ததை அடித்துவிடுவார். கொதிகலன் அறையில் பழகியது.

வெந்நீர் என்று எழுதி அடித்திருந்தார். தெர்மாஸைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது.

அதன் கீழே இரண்டு வரிகள். இரண்டும் அடிக்கப்படவில்லை.

1.0

ஈஸ்ட்