கச்சான் காலத்தில் யன்னலைச் சாத்தியவள்

முதலில் நாக்கில் ஒரு தித்திப்பு வந்தது. சீனி தின்ற தித்திப்பு அல்ல. குமட்டிக்கொண்டு வரும் ஒன்று. பிறகு தலையிடி. அதன் பிறகுதான் இருமல். களைப்பாக்கும் என்று ஒரு குளிசையையும் பிளேன்ரீயையும் குடித்துவிட்டுத் திரும்பவும் பிரஷைத் தூக்கினேன். வீட்டுக்குள் பெயின்ற் அடிக்கும் ஆராவது இதை வாசித்தால், அந்தத் தித்திப்பு வந்ததும் வெளியே ஓடி வாருங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

என் வீடு இந்தக் கிழக்குக் கரையில், ஓர்ஸ் ஹில்லில். கணவர் இறந்தபின் தனியேதான் இருக்கிறேன். மகள் தர்ஷினி கனடாவில். அவளுக்குப் பிள்ளை பிறந்து சில மாதங்கள். பேத்தியை நான் போனில்தான் கண்டிருந்தேன். ஒரு தரம் கையில் தூக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசை இல்லை. ஆவணியில் வருகிறோம் என்றாள். அவர்கள் படுக்கும் அறையின் கதவும் யன்னல் சட்டங்களும் பொருக்குக் கழன்று கிடந்தன. பெயின்ற் அடிக்கிறவர் முஸ்லிம் பெருநாளுக்கு முன் பக்கத்து ஊரான கிண்ணியாவில் வீடு வீடாக வேலை ஒப்புக்கொண்டுவிட்டார். ஒரு அறைதானே, எனக்கென்ன கை இல்லையா என்று இறங்கினேன்.

அது கச்சான் காலம். எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று அது. மண்ணை அள்ளிக்கொண்டு வந்து சோற்றுக் கோப்பை வரை போடும். ஈர எனாமலில் ஒரு தரம் அடித்தால் கதவு உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். அதனால் யன்னல்களைச் சாத்தினேன். கதவுக்குக் கீழே கணவர் உடுத்த பழைய சாரத்தைச் சுருட்டி அடைத்தேன். தூசி கிளம்பும் என்று காற்றாடியையும் நிறுத்தினேன். கச்சானுக்கு வீட்டை அடைக்க எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மூக்கில் துவாய் கட்டியிருந்தேன். தகரத்தில் காற்றோட்டம் வேண்டும் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது, அதையும் வாசித்தேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்த கதைதான். இரண்டாம் நாள் மத்தியானம், நிலத்தில் சிந்தியதைப் பெயின்ற் கரைக்கும் தின்னர் ஊற்றி, குனிந்து நின்று, தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன். நிமிர்ந்தபோது மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை.

சுவரைப் பிடித்துப் பிடித்து விறாந்தைக்கு வந்து, சந்தியில் நிற்கும் ஓட்டோக்கார நானாவுக்குப் போன் எடுத்தேன். பேச ஏலவில்லை. என் இழுப்புச் சத்தத்தைக் கேட்டே வந்துவிட்டார். வழியில் நான் பெயின்ற், பெயின்ற் என்று ஏதோ சொல்ல, "அம்மா, கதைக்காம இரிங்க. அல்லாஹ் இருக்கான்" என்றார். அவர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்ததைக் கண்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் பிடித்து, நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் கருவி) வைத்தார்கள். மூச்சு ஓரளவு திரும்பியதும் டொக்டர் பக்கத்தில் வந்து நின்றா. என் மகளின் வயதுதான் இருக்கும்.

"யன்னல் திறந்திருந்ததோ அம்மா?"

"இல்லை டொக்டர். கச்சான் அடிச்சது. துவாய் கட்டினனான்."

"துவாய் தூசியைத்தான் மறிக்கும். தின்னர் ஆவி துணிக்குள்ளால வரும். உங்கட மூச்சுக்குழாய் உள்ளுக்கு வெந்து வீங்கியிருக்கு. இனி கொஞ்சக் காலத்துக்கு இது ஆஸ்துமா மாதிரி நிக்கும்."

"பேத்தி வாறா. தூக்கலாமோ?"

"தூக்கலாம். எப்ப எண்டு இப்ப என்னால சொல்ல ஏலாது."

வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் ஆட்கள் வந்தார்கள். சுடுதண்ணிப் போத்தலோடு, சோற்றுப் பார்சலோடு, சண்டையோடும் வந்தார்கள். என் கட்டிலோரக் கதிரை சும்மா கிடந்தது. வெட்கமாக இருந்தது. அதில் என் கைப்பையை வைத்தேன், ஆரோ இப்போதுதான் எழும்பிப் போன மாதிரி. இந்த வயதில் இது என்ன நடிப்பு என்று எனக்கே எரிச்சல் வந்தது. ஆனாலும் பையை எடுக்கவில்லை.

தர்ஷினிக்குச் சொல்லவில்லை. ஆனால் போன் எடுத்தவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, ஏன் ஒரு கதையையும் முடிக்கிறீங்கள் இல்ல?"

"வேலை கிடக்கு."

"பொய் சொல்லாதேங்கோ. ஆர் பக்கத்தில நிக்கிறது?"

ஒருவரும் இல்லை என்று சொல்லவும் மூச்சுக் காணவில்லை. விட்டு விட்டு நடந்ததைச் சொன்னேன், அவள் அழுதாள். அந்த அறையின் நெடி போகும்வரை பிள்ளையைக் கொண்டுவர ஏலாது என்று பயணத்தை மார்கழிக்குத் தள்ளினாள். அவள் சரி. எனக்குத்தான் நெஞ்சு விட்டுப்போனது.

வீட்டுக்கு வந்ததும் எல்லா யன்னலையும் திறந்தேன். கச்சான் புகுந்து வீட்டை மண்ணாக்கியது. ஆக்கட்டும், மண்ணைக் கூட்டலாம். அந்த அறைக்குள் போகாமல் விறாந்தையில் படுத்தேன். காலையும் மாலையும் இன்ஹேலர் (மருந்தை வாயால் இழுக்கும் சிறு குழாய்). இழுத்தபின் வாய் கொப்பளிக்கவேண்டும், இல்லையென்றால் வாய் புண்ணாகும். இதை ஒருவரும் எனக்கு முதலில் சொல்லவில்லை, நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆனால் மருந்தைவிடத் தனிமைதான் கசந்தது. மிளகாய் பொரித்தால் இழுத்தது. நுளம்புத்திரி, சாம்பிராணி, கலியாண வீட்டுச் சென்ற், எதுவும் ஆகவில்லை. மனிசர் கூடும் இடமெல்லாம் மணக்கிறது, பாருங்கள். கோயிலில் கற்பூரத் தட்டு வரும்போது பின்னால் நழுவினேன். அதைப் பார்த்துவிட்டு, "அவ வேதத்துக்கு மாறிட்டாவோ?" என்று ஒருத்தி கேட்டாளாம், கிறிஸ்தவத்தைச் சொல்கிறாள். அடியே, மூச்சுக்கு ஏது வேதம்!

மார்கழியில் வந்தார்கள். வான் வண்டியால் இறங்கி தர்ஷினி பிள்ளையை நீட்டினாள். எனக்குக் காட்டுவதற்காக முகம் கழுவி, பொட்டு வைத்து, பவுடர் போட்டு வைத்திருந்தாள். அந்த மணம் வந்ததுதான் தாமதம், இழுப்புத் தொடங்கியது. நான் முகத்தைத் திருப்பி, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினேன். என் பேத்திக்கு நான் முதல்முதல் காட்டியது என் முதுகு. பிள்ளை வீரிட்டு அழுதது. நானும் அழுதேன், இருமலென்று நினைக்கட்டும் என்று.

தர்ஷினி உள்ளே போனாள். பிள்ளையைக் குளிப்பாட்டி, வெறுந்தண்ணீரில் அலசிய என் பழைய சேலைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்தாள். சவர்க்காரமும் போடவில்லை.

"இப்ப பிடியுங்கோ அம்மா."

பிடித்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் பவுடர் பூசவில்லை.

அவர்கள் திரும்பும் நாள், மத்தியானம். உள்ளே பெட்டி கட்டும் சத்தம். பிள்ளை என் நெஞ்சில் குப்புற நித்திரை. இந்த இழுப்பு வருத்தம் வருமுன் நான் என் மூச்சைக் கவனித்ததே இல்லை. இப்போது அது எங்கே போய், எங்கே தட்டி, எப்படித் திரும்புகிறது என்று எனக்குத் தெரியும். நான் ஒரு மூச்சு விட்டு முடிப்பதற்குள் அவள் இரண்டு விட்டுவிடுகிறாள். அவளுக்கு அவசரம். நான் இன்னும் மெதுவாக விட்டேன், நெஞ்சு இழுக்கவில்லை.

வெளியே வான்காரன் ஹோர்ன் அடித்தான்.

"அம்மா, நேரமாகுது" என்றாள் தர்ஷினி.

"ஓம்" என்றேன். எழும்பவில்லை.